தேவதாஸ் அண்ணனுக்காக ஒரு பிடி மண்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் என் கையில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். நான் பர்ஸைத் திறந்து ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பொம்பளையாளுக்குக் காசு கிடையாதுக்கா."

"தம்பி, நான் இந்த ஊர் இல்லை. மலேசியா."

"நீங்க பொம்பளைதானே?"

"ஆமாம்."

"அப்ப உள்ள வச்சுக்கோங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்து இருக்கையில் ஒரு சேவலைத் துணிப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு மடியில் வைத்திருந்த பெண், "மலேசியாவுல பஸ்ஸுக்குக் காசு வாங்குவாகளா? பாவம்" என்று எனக்காக வருத்தப்பட்டாள். சேவலும் என்னை அப்படித்தான் பார்த்தது.

நான் ஈப்போவில் தையல் கடை வைத்திருப்பவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து நிற்கும் பெண்களின் வாயிலிருந்து கிடைத்தது. யார் எதை நன்றாகச் சொன்னாலும் எனக்கு மறக்காது. முதல் நாள் மாலை அருப்புக்கோட்டையில் ஒரு கடையில், எண்ணெயில் பொரித்த பரோட்டா கேட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் போல மெத்தென்று வரும் என்று பார்த்தால், அப்பளம்போல் நொறுங்கியது. "இதைக் கத்தி வச்சு வெட்டணுமா?" என்று கேட்டேன். பரிமாறியவர், "குழம்ப ஊத்திட்டுச் சும்மா இருங்கக்கா, அதுவா மனசு மாறும்" என்றார். அன்றைய நாளுக்கு அது போதும் எனக்கு.

நான் வந்த வேலை சின்ன வேலை. ஒரு பிடி மண் போட வேண்டும். அவ்வளவுதான்.

என் கடைக்கு அடுத்த கடை ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே சமையல் செய்கிறவர் தேவதாஸ் அண்ணன். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் மனைவியோடு வந்து சேர்ந்தவர். நாங்கள் ஒரே சபையில் ஆராதனைக்குப் போகிறவர்கள். அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேசன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் அவர் என் கடைக்கு வந்து தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

ஊரில் அவருக்கு ஒரு தங்கை, எஸ்தர். எஸ்தரின் கணவர், விளைச்சல் போன ஒரு வருஷத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்படிச் செத்தவருக்கு மணி அடிக்கக் கூடாது, ஜெபம் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று அந்த ஊர்ச் சபையின் மூப்பர்கள் சொல்லிவிட்டார்கள். யாராவது போய் மண் போட்டால் அவர்களுக்கும் சபையில் இடமில்லை. யாரோ ஒரு விவசாயி தன் காட்டில் ஒரு மூலை கொடுத்தார். அடக்கத்தன்று தேவதாஸ் அண்ணன் வரப்பு வரை போனார். அதற்கு மேல் கால் போகவில்லை. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அந்த ஞாயிறுதான் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். குனிந்து ஒரு பிடி மண் எடுத்தால் இரண்டாம் ஓலை கிடையாது. நின்றார். திரும்பினார். கல்யாணம் நடந்தது. பிறகு நாட்டை விட்டே வந்துவிட்டார். தங்கையிடம் பேசவே இல்லை.

"கத்தி வைக்கிறதுக்கு முன்னால அந்த மண்ணைப் போட்டுறணும். என்னால இப்ப பறக்க முடியாது. நீ போய் எனக்காக ஒரு பிடி போட்டுட்டு வா. அவளைக் கேட்டுட்டுப் போடு."

"நான் எதற்கு அண்ணே?"

"வெளியே நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அடிக்கிற புருஷனை விட்டு நான் தனியாக வந்த வருஷம், பாடகர் குழுவில் என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது நாற்காலி இல்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம். டிக்கெட் போட்டேன்.

பஸ் என்னை ஒரு வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனது. வெயில் என்றால் அது வெயில். ஈப்போவில் மத்தியானம் தாண்டினால் மழை வந்து தெருவைக் கழுவிவிட்டுப் போகும். சுற்றிலும் மலை, எங்கு பார்த்தாலும் பச்சை. இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் என் செருப்பே போய்விடும் போலிருந்தது. சீமைக்கருவேலம் மட்டும் யாரையும் கேட்காமல் பச்சையாக நின்றது. அண்ணன் சொல்லியிருந்த அடையாளம்: வேலுச்சாமி காடு, ஒரு மஞ்சனத்தி மரம், பக்கத்தில் மண்மேடு.

மரம் தெரிந்தது. அது மஞ்சனத்திதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பக்கத்தில் மண்மேடு இருந்தது. புது மண் பூசி, தண்ணீர் தெளித்து, வழித்துவிட்டது போல அழகாக இருந்தது. கல்லறைக்குக் கொஞ்சம் பெரிதுதான். இந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு பெண் புருஷனின் குழியை இப்படிப் பூசி வைத்திருக்கிறாளே! செருப்பைக் கழற்றினேன். முழங்காலில் நின்றேன். வாய்விட்டு ஜெபம் செய்தேன். கண்ணீர் வந்தது. தங்கையைக் கேட்டுவிட்டுப் போடு என்று அண்ணன் சொன்னது அந்த நேரத்தில் மறந்தே போனது. ஒரு பிடி மண் அள்ளி மேலே போட்டேன்.

"யக்கா, யாரு செத்தது?"

திரும்பினேன். தலையில் இருந்து கால் வரை கரி. கரிக்குள் இரண்டு கண்களும் வரிசைப் பல்லும். இடுப்பில் ஒரு கூடை.

"இது... இது கல்லறை இல்லையா?"

"கரி மூட்டம்க்கா. வெறகை அடுக்கி மண்ணு போட்டு மூடி வச்சிருக்கேன். நாளைக்குத்தான் தீ வைக்கணும். அதுக்குள்ள நீங்க அழுதுட்டீக."

நான் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தேன். அவள் நான் மண் போட்ட இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஆனா நல்ல எடமாப் பாத்துத்தான் போட்டிருக்கீக. அங்கிட்டு மண்ணு மெல்லிசா இருந்துச்சு. ஓட்டை விழுந்தா காத்து உள்ள போயி அத்தனையும் சாம்பலாயிரும். கையோட கையா ஒரு கூடை போடுறீகளா?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தூரத்தில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நான் எஸ்தரைத் தேடி வந்தேன்" என்றேன். "நான்தான் எஸ்தரு" என்றாள். "ஈப்போவில் இருந்து வருகிறேன். உங்கள் அண்ணன் தேவதாஸ் அனுப்பினார்" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது.

மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேசன், பயம், ஒரு பிடி மண். அவள் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைக்கத் துடைக்க அண்ணனின் ஜாடை வந்தது.

"நீங்க போட வேணாம்க்கா" என்றாள்.

"ஏன்மா?"

"வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. கோபம் என்றால் ஆறுவதற்கு வழி உண்டு. இவள் கதவைச் சாத்தவில்லை, நான் தட்டிய இடத்தில் கதவே இல்லை என்பதுபோல் இருந்தது.

"வெயில்ல நிக்காதீக. வீட்டுக்கு வாங்க. சாப்பிடுங்க" என்று கூடையை எடுத்தாள்.

அவள் வீடு ஓட்டு வீடு. குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். குதிரைவாலியை நான் பறவைத் தீனி என்று நினைத்திருந்தேன். நாக்கில் வைத்ததும், ஈப்போ கடைத்தெருவில் விற்கிற வாசனை அரிசியெல்லாம் வெறும் வெள்ளைதான் என்று தோன்றியது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "மலேசியாவுல சோறே போட மாட்டாக போல" என்றாள். சுவரில் சிலுவை இல்லை. ஆனால் சோற்றில் கை வைக்கும் முன் அவள் கண்ணை மூடி உதடு அசைத்ததைப் பார்த்தேன். என்னைப் பற்றியும் கேட்டாள். பாடகர் குழுவில் நாற்காலி போனதைச் சொன்னேன். "நாற்காலியவா எடுத்தாக?" என்று கேட்டுவிட்டு என் இலையில் இன்னொரு துண்டு கருவாடு வைத்தாள். ஆறுதல் என்று எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அந்தக் கருவாடு போல் ஒன்றும் இறங்கவில்லை.

அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பி அறையில் படுத்தேன். ஈப்போவில் இருந்து குரல் செய்தி: "போட்டாச்சா?" நான் பதில் போடவில்லை.

மறுநாளும் போனேன். எஸ்தர் மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். புகை வரும் ஓட்டையைப் பார்த்தால் ஓடிப்போய் ஈர மண்ணை அப்ப வேண்டும். பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போல. அவளுக்கு மண்ணும் தண்ணீரும் சுமந்துகொண்டிருந்தவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுப் பனியனோடு நின்ற ஒரு ஆள். வயது முப்பத்தைந்து இருக்கும்.

"இவரு யாருன்னு கேளுங்க" என்றாள் எஸ்தர். "எங்க ஊரு உபதேசியாரு."

போதகரான ஐயர் எப்போதோ வருவார். அன்றாடம் சபையைப் பார்த்துக்கொள்வது உபதேசியார். அதே சபையின் உபதேசியாரா? அவர் கூடையை இறக்கினார். பேர் ஜெயசீலன் என்றார்.

"போன வருஷந்தாம்மா மாத்தலாகி வந்தேன். கதையைக் கேட்டுட்டு, எங்க ஆளுக செஞ்சது தப்புன்னு சொல்லலாம்னு இவுக வீட்டுக்கு வந்தேன். ராத்திரியெல்லாம் யோசிச்சு நல்ல நல்ல வார்த்தையா எடுத்துட்டு வந்தேன்."

"மொதல் வார்த்தை ஆரம்பிச்சாரு பாருங்க" என்று எஸ்தர் குறுக்கே விழுந்தாள், "அந்நேரம் மூட்டத்துல ஓட்டை. பேசுறதா இருந்தா மண்ணைச் சுமந்துக்கிட்டே பேசுங்கன்னேன்."

"சுமந்தேன். மூச்சு வாங்குச்சு. பேச்சு மறந்துபோச்சு."

"அதுக்கப்புறம் சனிக்கெழமையானா வந்துருவாரு. பேச்சு மட்டும் இன்னும் ஞாபகத்துக்கு வரல."

"கோயிலுக்குக் கூப்பிடுவாரா?" என்று கேட்டேன்.

"கூப்பிட மாட்டாரு. கூப்பிட்டா கூடையைப் பிடுங்கிருவேன்னு தெரியும்."

"மூப்பருமாரு கேட்டாக" என்றார் உபதேசியார். "அங்க என்ன வேலை உமக்குன்னு. நம்ம சபையாளைப் பாக்கப் போறேன்னு சொன்னேன்."

"நான் உங்க ஆளு இல்ல" என்றாள் எஸ்தர், பலமுறை சொன்ன மாதிரி.

"நான் உங்க ஆளும்மா" என்றார் அவரும், பலமுறை சொன்ன மாதிரி. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்க எத்தனை கடல் வேண்டுமானாலும் தாண்டலாம்.

சாயங்காலம் வேலுச்சாமி வந்தார். காட்டுக்குச் சொந்தக்காரர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இவுகதான் மூட்டத்துக்கு ஒப்பாரி வச்சவுகளா?" என்று கேட்டார். ஊர் முழுக்கப் போயிருக்கிறது! என்னை நிஜமான இடத்துக்குக் கூட்டிப்போனார். காட்டின் ஓரம், மஞ்சனத்தி அடியில், நாலு கல் நட்டு ஒரு சின்ன மேடு. உழுத சால் அங்கே வந்ததும் வளைந்து திரும்பியிருந்தது.

"டிராக்டர் ஓட்டுறவன் புது ஆளுன்னாலும் சொல்லிருவேன். இந்த மூலையில ஆளு படுத்திருக்காரு, சுத்திப் போடான்னு. ஒரு பய உள்ளே போயிட்டான். இறக்கிவிட்டு, கல்லை நடச் சொல்லி, மன்னிப்புக் கேக்கச் சொன்னேன்."

"உங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னாக. இப்பிடிச் செத்தவனை நம்ம காட்டுல வச்சா வெள்ளாமை வருமான்னு. அதுக்கு முந்தி மட்டும் என்ன வந்துச்சாம்? உங்க சாமி உள்ள விடலைன்னாக. எங்க சாமிகிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டாத்தானே மாட்டேன்னு சொல்லும்?"

"எதற்காகக் கொடுத்தீர்கள்?"

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "எடம் வேணும்னு நின்னுச்சு அந்தப் பிள்ளை. எடம் இருந்துச்சு."

நான் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை நீட்டினால் மண். யாரும் தடுக்கப்போவதில்லை. போட்டுவிட்டு "முடிந்தது அண்ணே" என்று ஒரு செய்தி அனுப்பினால் அங்கே ஒரு மனிதன் நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் எஸ்தர் வேண்டாம் என்றாளே. ஏற்கெனவே அவளைக் கேட்காமல் அவள் புருஷன் விஷயத்தில் ஆளாளுக்கு முடிவு செய்தாயிற்று. கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நான் போனது விடைபெறத்தான். மூட்டம் நீலப் புகை விட்டுக்கொண்டிருந்தது. எஸ்தர் குளித்து, வெளுத்த சேலை கட்டி, தலை வாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"அக்கா, உங்க போன்ல மூஞ்சி தெரியிற மாதிரி பேசலாமாமே. அண்ணனைக் கூப்பிடுங்க."

"இப்பவா?"

"ராத்திரியெல்லாம் மூட்டத்தைப் பாத்துக்கிட்டே யோசிச்சேன். இது ஆளுகிட்டச் சொல்லி விடுற சமாச்சாரம் இல்ல."

வீட்டில் சிக்னல் இல்லை. ஆராதனை முடித்து அப்போதுதான் வந்த உபதேசியாரும் நாங்களும் காட்டுக்கு நடந்தோம். மேட்டருகிலும் இல்லை. அங்கே நின்ற வேலுச்சாமி, "வரப்புல ஏறுனாத்தான் டவரு கிடைக்கும்" என்றார். எஸ்தர் ஒரு நிமிஷம் வரப்பைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உபதேசியார் கீழே நின்றார். நானும் ஏறிப் போனை நீட்டிப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தேவதாஸ் அண்ணன். கையில் ஊசி. பக்கத்தில் அவர் மனைவி. என் முகத்தை எதிர்பார்த்தவர், எஸ்தரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்; மனைவி தோளைப் பிடித்து அழுத்தினார். காட்டில் காற்று மட்டும் போனுக்குள் இரைந்தது.

"என்னண்ணே, முடியெல்லாம் கொட்டிருச்சு" என்றாள் எஸ்தர்.

"எஸ்தரு... அன்னிக்கு நான்..."

"இரு. நான் பேசிருறேன். நீ பேசி முடிக்கிறதுக்குள்ள டவரு போயிரும்."

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"அன்னிக்கு நீ இந்த வரப்புலதான் நின்ன. நான் அழுதுக்கிட்டே உன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வரமாட்டியான்னு பாக்கல. குனிஞ்சிரக் கூடாதேன்னு பாத்தேன். மதினிக்கு ஓலை வாசிச்சாச்சு. நீ ஒரு பிடி மண்ணை எடுத்தா அந்தப் பிள்ளை கல்யாணம் நின்னுபோகும். எனக்குத்தான் வீடு போச்சு, இன்னொரு வீடும் போகணுமா? குனியாத அண்ணே, குனியாத அண்ணேன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன்."

போனில் மதினி வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாரும் போனாக. நீயும் போன. என் பங்குக்கு மூணு பிடி போட்டேன். அப்புறம் உன் பங்குக்கு மூணு பிடி போட்டேன். இது எங்க அண்ணன் போடுறதுன்னு அவருகிட்டச் சொல்லித்தான் போட்டேன். அதான் இந்த அக்காவைப் போட வேணாம்னேன். போட்ட மண்ணை எதுக்கு இன்னொருக்காப் போடணும்?"

வேலுச்சாமி பின்னாலிருந்து, "நான் பாத்தேன் தாயி" என்றார் என்னிடம், மெதுவாக. "இந்தப் பிள்ளை திரும்பவும் குனிஞ்சு அள்ளுச்சு. புத்தி தடுமாறிருச்சோன்னு பயந்துபோனேன். இன்னிக்குத்தான் தெரியுது."

"ஏன் சொல்லல?" என்றார் தேவதாஸ் அண்ணன். குரல் அவருடையதாகவே இல்லை. "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. நானாச் சொல்லி அனுப்பினா குத்திக்காட்டுற மாதிரி இருக்கும்ல." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வலிக்கலைன்னு சொல்ல மாட்டேண்ணே. மண்ணு போடாததுல வலிக்கல. அதுக்கப்புறம் வரவே இல்ல பாரு, அதுலதான்."

"வாரேன். ஆபரேசன் முடிச்சுட்டு வாரேன். என்னைய மன்னிச்சு..."

"வா. வராட்டியும் உன் மண்ணு இங்கதான் கெடக்கு, எங்கயும் போகாது. தைரியமாப் போயிப் படு. மதினி, அவரு தலைமாட்டுல தலகாணி சரியில்ல, ஒசத்தி வைங்க."

அத்தோடு படம் நின்றது. டவர் போய்விட்டது. எஸ்தர் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். வேலுச்சாமி அந்தப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கிருபை, கிருபை என்று எத்தனையோ பாட்டுப் பாடியிருக்கிறேன், நாற்காலி இருந்த காலத்தில். கேட்காதவனுக்கும் கொடுப்பது, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது என்றெல்லாம் சொல்லுவார்கள். சொன்னவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரு விதவை தன் புருஷனை மூடின கையோடு, தன்னை விட்டுப் போன அண்ணனுக்காகத் திரும்பக் குனிகிற மாதிரி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "சபைக்கும் ஒரு பிடி போட்டிருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உபதேசியார் கீழே நிற்பது ஞாபகம் வந்தது.

எஸ்தர் மூக்கை உறிஞ்சினாள். "இல்லக்கா. அதுக்கு இன்னும் கை எழல. உபதேசியாரே, கோவிச்சுக்காதீக."

"உங்க கைம்மா" என்றார் அவர். "எழும்போது எழட்டும். எழாட்டியும் சனிக்கெழமை நான் வாரேன்."

அடுத்த வாரம் தேவதாஸ் அண்ணனை ஆபரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது நான் ஈப்போவில் பக்கத்திலேயே இருந்தேன். பயமில்லாமல் போனார். பிழைத்து எழுந்துவிட்டார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம். ஆனால் எனக்கு இதை அந்தக் காட்டில்தான் முடிக்கப் பிடித்திருக்கிறது.

கிளம்பலாம் என்று எழுந்தேன். எஸ்தர் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, அண்ணனுக்காகப் போட வேணாம்னுதான் சொன்னேன். உங்களுக்குன்னு போடுங்க."

"எனக்கென்னம்மா பாத்தியதை? அவரை நான் பார்த்ததுகூட இல்லையே."

"வெறும் வெறகு மூட்டத்துக்கு அழுதீக. எங்க வீட்டு ஆளுக்குப் போட மாட்டீகளா?"

வரப்பிலிருந்து இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். குனிந்து அள்ளப் பார்த்தால் கரிசல் கல்லாக இறுகிக் கிடந்தது, நகம்தான் வலித்தது. வேலுச்சாமி வந்து ஒரு கட்டியைக் குதிகாலால் மிதித்து உடைத்தார். உபதேசியார் குத்தவைத்து உட்கார்ந்து அதைக் கையால் நுணுக்கினார். எஸ்தர் அதை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். வெயில் ஏறிய மண், கைக்குள் சூடாக இருந்தது. போட்டேன்.